முப்பத்தாறு அங்குலக் கல்யாணம்

என் சித்தி மகளின் கல்யாண ஆல்பத்தை எடுத்து மடியில் வைக்க இரண்டு கை வேண்டும். மூடினால் 18 அங்குலம், விரித்தால் 36. அதற்கென்று ஒரு பெட்டி, பெட்டிக்கென்று ஒரு பை. கல்யாணமான எட்டாம் மாதம் அப்பத்தா தவறிப்போனார். காரியத்துக்குள் ஒரு படத்துக்குச் சட்டம் போட்டாக வேண்டும். 5,000க்கு மேல் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை மாட்டி மூன்று பேர் உட்கார்ந்து தேடினோம். அப்பத்தா நான்கு படங்களில் இருந்தார். ஒன்றில் மைக் ஸ்டாண்டு பாதி முகத்தை மறைத்திருந்தது. ஒன்றில் கண் மூடியிருந்தார். மூன்றாவதில் யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால் கொண்டை மட்டும். நான்காவது ட்ரோன் எடுத்தது. மண்டப வாசலில் அவர் ஒரு வெள்ளைப் புள்ளி. கடைசியில் சட்டத்துக்குள் போனது, பந்தியில் பேரன் ஒருவன் செல்போனில் எடுத்த படம்.

மாலை போட்டுச் சுவரில் தொங்கும் எத்தனையோ பெரியவர்களின் முகங்கள் யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் எடுத்து, வெட்டி, பெரிதாக்கியவை. கண்ணீர் அஞ்சலி பேனர்களிலும் அப்படித்தான். நன்றாக உடுத்தி, நல்ல வெளிச்சத்தில், எல்லாச் சொந்தமும் ஓர் இடத்தில் நிற்பது கல்யாணத்தில் மட்டும்தானே. ஆனால் போட்டோ பேக்கேஜ் பேசும்போது இந்தப் பேச்சு வருவதே இல்லை. எத்தனை கேமரா, ட்ரோன் உண்டா, டீசர் எத்தனை நிமிடம், எல்இடி வால் இலவசமா என்றுதான் போகிறது. கல்யாணப் போட்டோவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு மதிப்பு எங்கே இருக்கிறது, அதை மணப்பெண் எப்படிப் பெறுவது என்ற கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. மணப்பெண் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. கல்யாணத்தில் அதிகம் படமெடுக்கப்படுபவர் அவர். போட்டோகிராபரிடம் பேரம் பேசி அட்வான்ஸ் கொடுப்பது பெரும்பாலும் அப்பாவோ சித்தப்பாவோ, சில வீடுகளில் மாப்பிள்ளை வீட்டாரோதான்.

கேமராவிடம் போன கல்யாணங்கள்

சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியது 1856இல். ஓவியப் பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் அதற்கு முன்னின்றார். ஆனாலும் கேமரா கல்யாண வீட்டுக்குள் நுழைய வெகுகாலம் பிடித்தது. அதுவரை கல்யாணம்தான் கேமராவிடம் போயிற்று. தாலி கட்டிச் சில நாளில் புது ஜோடி, முகூர்த்தப் புடவையோடும் பட்டு வேட்டியோடும் ஊர் ஸ்டுடியோவுக்குப் போகும். பின்னால் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரை, பக்கத்தில் பூச்சாடி வைத்த சிறு மேசை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு இத்தகைய பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். அவற்றைப் பார்த்தால், இன்று போஸ்ட் வெட்டிங் ஷூட் என்று கடற்கரைக்குப் போவது அப்படியொன்றும் புதுப்பழக்கமில்லை என்று தெரியும். திரைதான் மாறியிருக்கிறது.

பிறகு கேமரா மண்டபத்துக்கு வந்தது. ஒரு பிலிம் ரோலில் 36 படம். ஆறு ரோல் போட்டால் பெரிய இடத்துக் கல்யாணம். மொத்தம் 216 படம். ஒவ்வொரு கிளிக்கும் காசு என்பதால் போட்டோக்காரர் யோசித்துத்தான் பொத்தானை அழுத்துவார். வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, "தம்பி, இது எங்க பெரிய அத்தான், ஒண்ணு எடுத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பிலிம் சிக்கனம் தந்த நன்மை அது: யாரை எடுக்க வேண்டும் என்பதைக் குடும்பம் முடிவு செய்தது. இன்று ஒரே கேமரா, முகூர்த்தத்துக்கு முன்பே 216ஐத் தாண்டிவிடுகிறது. யாரும் யாரையும் காட்டிச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் எடுத்திருப்பார்கள் என்ற நம்பிக்கைதான் அப்பத்தாவைக் காணாமல் போக வைத்தது.

வீடியோவின் கதை இன்னும் சோகம். ஹாலஜன் விளக்குச் சூட்டில் மணப்பெண்ணின் மேக்கப் வழிய வழிய எடுத்த கேசட்டுகள், ரோஜா விரிந்தால் மாப்பிள்ளை முகம் தோன்றும் மிக்ஸிங்குகள் எல்லாம் அலமாரியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. பூஞ்சையைத் துடைத்தாலும் போட்டுப் பார்க்க பிளேயர் வேண்டுமே. கடைசிவரை விசிஆர் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. அதே கல்யாணங்களின் காகிதப் படங்கள் இன்னும் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கின்றன.

கேனான் 5டி மார்க் 2 கேமரா 2008இல் வந்தது. போட்டோ கேமராவிலேயே சினிமா போன்ற முழு எச்டி வீடியோ எடுக்கலாம் என்று ஆனதும், தொழிலின் முகமே மாறிற்று. இப்போது தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கே நான்கு கேமரா நிற்கிறது: ட்ரெடிஷனல் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ. மேடைக்கு எதிரே நான்கு முதுகுகள். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தாலி கட்டுவதை எல்இடி திரையில் பார்த்து அட்சதை போடுகிறார்கள்.

ட்ரெடிஷனல், கேண்டிட் என்ற இந்தப் பிரிவைப் பற்றி என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கேண்டிட்காரருக்குத்தான் இன்று மவுசும் கூலியும். அவர் எடுத்ததைத்தான் இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். ரிசப்ஷன் மேடையில் மூன்று மணி நேரம் நின்று, வரிசையில் வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்தி, "அக்கா கொஞ்சம் உள்ள வாங்க, குழந்தையைத் தூக்கிக்குங்க" என்று எடுக்கும் ட்ரெடிஷனல்காரரை யாரும் கண்டுகொள்வதில்லை. இருபது வருடம் கழித்து அவர் எடுத்ததைத்தான் புரட்டுவார்கள். யார் வந்தார்கள், எப்படி இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. இருவரில் ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், கை தேர்ந்த ட்ரெடிஷனல்காரரைப் பிடியுங்கள்.

முகூர்த்த நாள் கணக்கு

போட்டோகிராபர்கள் மீது வரும் புகார்களைக் கேட்டால் ஒன்று போலவே இருக்கும். சாம்பிள் காட்டியவர் வரவில்லை, வந்த பையன்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆல்பம் வர ஒரு வருடம் ஆயிற்று. ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் இந்தப் புகார்களில் பலவற்றுக்கு வேர் பஞ்சாங்கத்தில் இருக்கிறது.

ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியைப் பலர் தவிர்க்கிறார்கள். மிஞ்சிய மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம் வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் ஆபீஸ்காரர்களுக்கு வசதி. இப்படி வடிகட்டினால், ஊரில் உள்ள எல்லாப் பெண்களும் அதே சில நாள்களுக்குத்தான் மண்டபம் தேடுகிறார்கள், சமையல்காரரைத் தேடுகிறார்கள், நாதஸ்வரம் தேடுகிறார்கள், போட்டோகிராபரையும் தேடுகிறார்கள். ஒரு ஸ்டுடியோவின் வருட வருமானம் அந்தச் சில நாள்களில் அடங்கியிருக்கிறது. ஒரே தேதிக்கு மூன்று ஆர்டர் வந்தால் எப்படி விடுவார்கள்? ஆர்டர் எடுப்பவர் ஒருவர், அன்று கேமரா பிடிப்பவர் நாள் கூலிக்கு வரும் ஃப்ரீலான்சர் இன்னொருவர், ஆல்பம் டிசைன் செய்பவர் வேறு ஊரில் மூன்றாமவர் என்று வேலை பிரிந்துபோகிறது. ஃப்ரீலான்சர்களில் முதலாளியைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் யார் அத்தை, யார் சமையற்கட்டு மேற்பார்வை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சித்தி மகள் கல்யாணத்தில் இதுதான் நடந்தது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து காபி கொடுத்துப் பேசியவர் முகூர்த்தத்தன்று வேறு ஊரில் இருந்தார். வந்த இரண்டு இளைஞர்களும் நல்ல பிள்ளைகள்தான். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் வேலை முடிந்தது என்று கேமராவை இறக்கிவிட்டார்கள். மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார் போடுவார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த நாத்தனாருக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

ஆகவே, முதலில் கேட்க வேண்டியது விலை அன்று. "அன்னைக்கு நீங்களே வருவீங்களா? இல்லைன்னா யார் வருவாங்க, அவர் எடுத்ததைக் காட்டுங்க" என்பதுதான் முதல் கேள்வி. பதிலை எழுதி வாங்க வேண்டும். தேதியில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: கூட்டமில்லாத வார நாள் முகூர்த்தத்தில் அதே ஆள் நேரில் வருவார், விலையும் இறங்கி வருவார்.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

ஸ்டுடியோக்காரர் டேப்லெட்டில் காட்டுவது நூறு கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய நூறு படங்கள். அதில் எல்லோருமே மேதைகள். கேட்க வேண்டியது, ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பம். முதல் நாள் பெண் அழைப்பிலிருந்து மறுநாள் மறுவீடு வரை. அதுவும் நட்சத்திர ஓட்டலில் நடந்ததாக இல்லாமல், நீங்கள் பிடித்திருக்கும் மண்டபத்தைப் போன்ற ஒன்றில் நடந்ததாக. தாழ்ந்த கூரை, டியூப் லைட், விடியற்காலை நாலரை ஆறு முகூர்த்தம், ஹோமப் புகை. அந்த நிலைமையில் முகங்கள் எப்படி வந்திருக்கின்றன என்று பாருங்கள். குரூப் போட்டோக்களில் ஓரத்தில் நிற்பவர்கள் வெட்டுப்பட்டிருக்கிறார்களா, வயதானவர்களின் தனிப்படம் எத்தனை, மணப்பெண்ணைத் தவிர வேறு பெண்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

தோலின் நிறத்தைத் தனியாகக் கவனியுங்கள். பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்திதான் இருப்பாள். அவள் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. பிலிம் போய்விட்டது, அந்தக் கணக்கு எடிட்டிங் மேசையில் வேறு உருவில் உட்கார்ந்திருக்கிறது. மாநிறப் பெண் ஆல்பத்தில் கோதுமை நிறமாகிறாள், கறுத்த பெண் சாம்பல் பூத்துப் போகிறாள். கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் மேடம் கேக்குறாங்க" என்பார்கள். அது பொய்யில்லை, கேட்கத்தான் கேட்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: என் நிறத்தில் கை வைக்காதீர்கள். சாம்பிள் ஆல்பத்தில் ஒரு பெண்ணாவது கறுப்பாக, கறுப்பாகவே அழகாக இருக்கிறாளா என்று தேடிப் பாருங்கள். அந்தப் படத்தை எடுத்தவருக்கு வெளிச்சம் தெரியும்.

அடுத்து, சடங்கு தெரிந்தவரா என்பது. தமிழ்க் கல்யாணம் என்று ஒன்று கிடையாது. பிராமண வீட்டில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் எல்லாம் அடுத்தடுத்து வரும். மாமன் தோளில் ஏறி மாலை மாற்றும்போது கேமரா எதிர்ப்பக்கம் மேலே இருக்க வேண்டும். கொங்குக் கவுண்டர் வீட்டில் அருமைக்காரர் நடத்தும் சீர்களின் வரிசை தெரியாதவர் திகைத்துப்போவார். நகரத்தார் வீட்டில் திருப்பூட்டும் நேரத்தில் கழுத்துருவைத் தெளிவாக எடுக்காத ஆல்பம் ஆல்பமே இல்லை. சுயமரியாதைத் திருமணத்தில் மந்திரமும் இல்லை, கெட்டி மேளம் எச்சரிக்கையும் இருக்காது. 1967இல் தமிழ்நாடு இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி மாலை மாற்றிக்கொள்வதோ மோதிரம் மாற்றிக்கொள்வதோ தாலி கட்டுவதோ, ஏதாவது ஒன்றே போதும். பேச்சாளர் வாழ்த்திக்கொண்டிருக்கையில் அந்த ஒரு நொடி வந்துபோய்விடும். நிக்காஹ்வில் கையெழுத்திடும் இடம் ஒன்று, பெண்கள் அமர்ந்திருக்கும் இடம் வேறொன்று. அங்கே பெண் போட்டோகிராபர் இல்லாவிட்டால் மணப்பெண்ணுக்குப் படமே இருக்காது. தேவாலயத்தில் எங்கே நிற்கலாம், எப்போது ஃபிளாஷ் கூடாது என்று பங்குத்தந்தையிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் தாலிக்குப் பொன்னுருக்குவது மாப்பிள்ளை வீட்டில். மணப்பெண் அங்கே போவதில்லை. தன் தாலிக்கான பொன் உருகியதை அவள் பார்ப்பதே படத்தில்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆள் அனுப்பாத பேக்கேஜை என்னவென்று சொல்வது?

பெண் போட்டோகிராபர் வேண்டும் என்று கேட்க இஸ்லாமியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. புடவை கட்டும் அறையில், தலை பின்னும் நேரத்தில், அம்மா ஒட்டியாணம் மாட்டிவிடும்போது எடுக்கும் படங்கள்தான் பல பெண்களுக்குப் பிடித்தவையாக அமைகின்றன. அங்கே ஓர் ஆண் கேமராவோடு நின்றால் அறை முழுக்க விறைத்துப்போகும். இப்போது பெண்கள் நிறையப் பேர் இத்தொழிலில் இருக்கிறார்கள். குழுவில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும் என்று கேட்டால் அனுப்புகிறார்கள்.

கேமராவின் பெயரைக் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரே ஒரு தொழில்நுட்பக் கேள்வி போதும்: கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடும் வசதி உண்டா, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகுமா? ஒரு கார்டு கெட்டால் இன்னொன்று காப்பாற்றும். 2018இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர், நிக்கான் இசட் 6, இசட் 7 போன்ற விலையுயர்ந்த கேமராக்களிலேயே ஒரே கார்டுதான். ஆகவே கேட்பதில் தவறில்லை.

ட்ரோனைப் பற்றி நான் நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. மண்டபக் கூரையையும் கார் நிறுத்துமிடத்தையும் அழகாகக் காட்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைக் கூலிக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலையச் சுற்றுப்புறத்தில் அனுமதி வேண்டும். பல்லாவரம், மீனம்பாக்கம் பக்கத்து மண்டபங்களில் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்குக் கூட ஓர் ஆளைக் கேளுங்கள், பந்தியையும் திண்ணையையும் எடுக்கச் சொல்லி.

எழுதிக்கொள்வது

கல்யாணச் சமையலுக்கு அப்பள எண்ணிக்கை வரை எழுதி வாங்கும் நம் வீட்டுப் பெரியவர்கள், போட்டோவுக்கு மட்டும் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் ஒரு தொகையை எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். சண்டை அங்கேதான் பிறக்கிறது. 40 ஷீட் என்று அவர் சொன்னதை 40 பக்கம் என்று இவர் புரிந்துகொள்வார். அது 80 பக்கம், கூடுதல் ஷீட்டுக்குத் தனி விலை. போக்குவரத்து, தங்குமிடம் யார் செலவு? 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த தொகையா, சேர்க்காததா? எடிட் செய்யாத மூலப் படங்கள் கிடைக்குமா? முதல் தொகுப்பு எத்தனை நாளில், ஆல்பம் எத்தனை நாளில்? வருபவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மாற்று யார்? ஒரு வெள்ளைத்தாளில் இவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். வாட்ஸ்அப்பில் எழுதி அவர் சரி என்று பதில் போட்டாலும் நாளைக்கு அது சாட்சி.

காப்புரிமை விஷயத்தில் நம் சட்டம் பணம் கொடுத்தவர் பக்கம் நிற்கிறது. 1957ஆம் வருட காப்புரிமைச் சட்டத்தின் 17(பி) பிரிவின்படி, ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். இதில் கவனிக்க இரண்டு. ஸ்டுடியோ நீட்டும் அச்சடித்த படிவத்தில் "உரிமை ஸ்டுடியோவுக்கே" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்து, நீங்கள் கையெழுத்திட்டால், அதுதான் அந்த வேறு ஒப்பந்தம். இன்னொன்று, கேட்டவரும் கொடுத்தவரும் அப்பா என்றால் உரிமையும் அப்பாவுக்கே. மணப்பெண்ணின் பெயரும் தாளில் இருக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எந்தப் படத்தை ஸ்டுடியோ தன் விளம்பரத்துக்கு வெளியிடலாம் என்பதை அவள் முடிவு செய்ய வேண்டும். முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டுவது விளையாட்டாகிப் போன காலம் இது. "கேக்காம எதையும் போடக் கூடாது" என்ற ஒரு வரி தாளில் இருந்தால் போதும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. கல்யாணம் முடிந்த வீட்டில் காசு இருக்காது. பாக்கியைக் கேட்டு மாதக்கணக்கில் அலைந்த போட்டோகிராபர்கள் பலர். அதனால் முகூர்த்தம் முடிவதற்குள் முழுத் தொகையையும் கேட்கிறார்கள். முழுதும் கொடுத்துவிட்டால் ஆல்பத்துக்கு அவசரம் போய்விடும். என் கணிப்பில், ஆல்பத்துக்கான தொகையை மட்டும் தனியாகப் பிரித்து, ஆல்பம் கைக்கு வரும் நாளில் தருவதாக எழுதிக்கொள்வது இருவருக்கும் தாங்கும்.

இவ்வளவும் செய்து ஏமாந்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஸ்டுடியோ எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பு 1915 என்ற உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். கல்யாணப் படங்களைத் தராமல் இழுத்தடித்த ஸ்டுடியோக்கள் மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு கொடுக்க நேர்ந்ததுண்டு. ஒன்று மட்டும்: நட்புக்காகச் சும்மா எடுத்துக்கொடுத்த நண்பர்மேல் இந்தச் சட்டம் பாயாது. இலவசச் சேவை அதில் சேராது.

நம் பக்கத்து வேலை

நல்ல ஆளைப் பிடித்தாயிற்று, தாளும் எழுதியாயிற்று. இனி மதிப்பு கூடுவதும் குறைவதும் நம் கையில்தான் இருக்கிறது.

டெக்கரேஷன்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: மேடையில் முகத்துக்கு நேரே ஊதா, நீல விளக்கு வேண்டாம். சரிகைப் பட்டுக்கும் நம் தோலுக்கும் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை விளக்குதான் ஒத்துவரும். ஊதா விளக்கில் எடுத்த முகத்தை எந்த எடிட்டிங்கும் முழுதாக மீட்காது. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்தால் படத்தில் கோடு கோடாக விழ வாய்ப்புண்டு; போட்டோகிராபர் முதல் நாளே வந்து ஒரு முறை எடுத்துப் பார்க்கட்டும்.

ஒரு பட்டியல் எழுதுங்கள். சடங்குகளின் பட்டியல் இல்லை, மனிதர்களின் பட்டியல். இரண்டு பக்கமும் சேர்த்து இருபது முப்பது பேர். எழுபது தாண்டியவர்கள் முதலில். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், பிரசவம் பார்த்த பெரியம்மா, பள்ளித் தோழி, இருபது வருடமாக வீட்டு வேலைக்கு வரும் அக்கா. பட்டியலைப் போட்டோகிராபரிடம் கொடுத்தால் மட்டும் பயனில்லை, அவருக்கு முகம் தெரியாது. சொந்தத்தில் சுறுசுறுப்பான ஒரு பெண்ணையோ பையனையோ அவரோடு சேர்த்து விடுங்கள். அந்தக் காலத்தில் "இது எங்க பெரிய அத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் வேலை அது. முட்டி வலியால் மேடை ஏற முடியாத பெரியவர்கள் கடைசி வரிசை நாற்காலியில்தான் இருப்பார்கள். கேமரா அவர்களிடம் போக வேண்டும். ரிசப்ஷன் தொடங்குவதற்கு முந்திய அரை மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

இன்னொரு ஆள் தாய்மாமனாக இருந்தால் நல்லது. கெட்டி மேளம் கொட்டும் நேரத்தில் செல்போனை நீட்டிக்கொண்டு மேடை ஏறும் மைத்துனர்களைத் தடுக்கும் அதிகாரம் அவருக்குத்தான் உண்டு. மாப்பிள்ளையைத் தாலியோடு நிறுத்தி, "சார், அப்படியே பிடிங்க, கேமராவைப் பாருங்க" என்று சொல்லும் வீடியோக்காரரை அடக்கவும் அவரே வேண்டும். முகூர்த்தம் கேமராவுக்காகக் காத்திருக்காது என்று வீடியோக்காரரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது மரியாதை.

கேமராக் குழுவை முதல் பந்தியில் உட்கார வையுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வந்தவர்கள். கடைசிப் பந்தி வரை காக்க வைத்தால், மறுவீட்டுக்குப் பெண்ணை அனுப்பும் நேரத்தில் அவர்கள் இலையில் இருப்பார்கள். அந்த அழுகையை யார் எடுப்பது?

பிறகு செலக்ஷன். ஆல்பம் தாமதமானதற்கு ஸ்டுடியோவைத் திட்டுபவர்களில் பலர், 5,000 படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் திறந்தே பார்க்காதவர்கள். கல்யாணமான ஒரு மாதத்துக்குள் உட்கார்ந்து பொறுக்கிவிடுங்கள். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் பொறுக்கினால் அவர்கள் இருவரும்தான் ஆல்பத்தில் இருப்பார்கள். இரண்டு அம்மாக்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தை 36 அங்குலத்துக்கும் நீட்டும் டிசைனை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். கூர்மையான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது கணக்கு. அந்த நீளத்துக்கு 10,800 வேண்டும். சாதாரண 24 மெகாபிக்சல் கேமராவின் படம் அகலத்தில் 6,000தான். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய படத்தை ஆல்பத்துக்குக் கொடுக்கவே வேண்டாம்.

படங்களைக் காப்பது தனி வேலை. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 என்ற கணக்கு எளிமையானது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். ஒரு ஹார்ட் டிஸ்க் உங்களிடம், ஒன்று அம்மா வீட்டில், இன்னொன்று கிளவுடில். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதல் வரம்பில்லா இலவசச் சேமிப்பை நிறுத்திவிட்டது. 15 ஜிபிக்கு மேல் பணம் கட்ட வேண்டும். பென் டிரைவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். இவற்றோடு, பட்டியலில் இருந்தவர்களின் தனிப்படங்களை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆல்பத்துக்குக் கொடுக்கும் தொகைக்கு முன் அது ஒரு செலவே அல்ல.

தையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் ஐப்பசியில் போட்டோகிராபர் தேடிப் போனால் கிடைப்பவரைத்தான் பிடிக்க வேண்டும். ஆடியில் போங்கள். ஸ்டுடியோவில் கூட்டம் இருக்காது, முதலாளி இருப்பார், முழு ஆல்பத்தையும் நிதானமாகப் புரட்டிக் காட்டுவார். மணப்பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பத்தா வரமுடிந்தால் அவரையும்.